33 எடுத்தவர் தோற்றார், 30 எடுத்தவர் ஜெயித்தார்: டென்னிஸ் கணக்கு, புதிதாய் வருபவர்களுக்கு

எங்கள் கிளப்பில் மூன்று மாதம் முன்பு ஒரு தம்பி வந்து சேர்ந்தார். புதுச்சேரி லாஸ்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். ராக்கெட்டைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். காலை ஐந்தரைக்கு வந்தாலும் அவருக்கு ஆட இடம் கிடைக்க ஆறரை ஆகிவிடும். இருப்பது ஒரே கோர்ட். நான்கு பேர் ஆடினால் எட்டுப் பேர் காத்திருப்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் தம்பி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கடை பில் புத்தகத்தின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டிருப்பார். யார் புள்ளி எடுத்தாலும் அவர்கள் பெயருக்குக் கீழே ஒரு கோடு. நான்கு கோடு நெட்டாக, ஐந்தாவது குறுக்கே. மாத்திரை அட்டை எண்ணி எண்ணி வந்த பழக்கம்.

ஒரு சனிக்கிழமை நானும் வங்கி சாரும் ஜோடி. (வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் வங்கி சார்தான்.) 4-6 என்று தோற்றுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தோம். தம்பி பில் புத்தகத்தை நீட்டினார்.

"அண்ணே, எங்கயோ தப்பு நடந்திருக்கு. நீங்க 33 பாயிண்ட், அவங்க 30. நீங்கதானே ஜெயிச்சிருக்கணும்?"

"எண்ணினதுல தப்பு இருக்கும் தம்பி."

"நான் எண்ணினா தப்பாதுண்ணே. ஸ்டாக்கே நான்தான் எடுக்கறேன்."

அவர் சொன்னது சரி, எண்ணிக்கையில் தப்பே இல்லை. நாங்கள் தோற்றதிலும் தப்பு இல்லை. கேட்டவுடன் அபத்தமாகத் தோன்றும் இந்த விஷயம்தான் டென்னிஸின் அடித்தளம் என்று நினைக்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் டிவியில் மேட்ச் பார்த்தால், பந்து இங்கும் அங்கும் போவது மட்டும்தான் தெரியும்.

முதலில் அடிப்படை. டென்னிஸில் புள்ளிகள் சேர்ந்து ஒரு கேம், கேம்கள் சேர்ந்து ஒரு செட், செட்கள் சேர்ந்து மேட்ச். நான்கு புள்ளி எடுத்தால் கேம் உங்களுடையது, ஆனால் எதிராளியைவிட இரண்டு கூட இருக்க வேண்டும். ஆறு கேம் எடுத்தால் செட், அங்கேயும் இரண்டு கேம் வித்தியாசம் வேண்டும். 6-6 ஆகிவிட்டால் டைபிரேக் என்ற ஒரு குட்டிப் போட்டி, அதில் ஏழு புள்ளி, இரண்டு வித்தியாசம். மூன்று செட் ஆட்டத்தில் இரண்டு செட், ஐந்து செட் ஆட்டத்தில் மூன்று செட் எடுத்தவருக்கு வெற்றி. ஒரு கேம் முழுக்க ஒருவரே சர்வீஸ் போடுவார், அடுத்த கேம் மற்றவர். எதிராளி சர்வீஸ் போடும் கேமை நீங்கள் பறித்தால் அதற்குப் பெயர் பிரேக்.

புள்ளிகளை 1, 2, 3 என்று சொல்லாமல் 15, 30, 40 என்று சொல்வது மட்டும் கொஞ்சம் விநோதம். கடிகார முள் கால், அரை, முக்கால் என்று நகர்வதிலிருந்து வந்தது, 45 நாளடைவில் 40 ஆகத் தேய்ந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் பலமில்லை. வார்த்தைகள் பிரெஞ்சு மண்ணிலிருந்து வந்தவை என்பதில் சந்தேகம் குறைவு. 40-40க்குச் சொல்லும் டியூஸ் என்ற சொல்லின் வேரே பிரெஞ்சுதான். எங்கள் கிளப்பில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார். அவர் டியூஸ் என்றே சொல்ல மாட்டார். 'எகாலித்தே' என்பார், ஒருவர் முன்னே போனால் 'அவான்தாஜ்'. பாரிஸில் ரோலாங் காரோஸ் போட்டியில் நடுவர் அப்படித்தான் கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் விழிப்பார்கள், பிறகு அவர்களும் எகாலித்தே என்பார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம்.

கிரிக்கெட்டில் முதல் ஓவரில் எடுத்த ஒரு ரன்னும் கடைசி ஓவரில் எடுத்த ஒரு ரன்னும் ஒரே உண்டியலில்தான் விழும். கபடியிலும் அப்படித்தான். டென்னிஸில் ஒரே உண்டியல் கிடையாது. ஒவ்வொரு கேமும் ஒரு சின்ன டப்பா. நான்கு புள்ளியில் டப்பா நிரம்பி மூடிக்கொள்ளும். மிச்சம் மீதியை அடுத்த டப்பாவுக்கு எடுத்துப் போக முடியாது. ஒரு கேமை நீங்கள் ஒரு புள்ளிகூட விடாமல் எடுத்தாலும் ஒரு கேம்தான். பத்து முறை டியூஸ் போய், மூச்சு வாங்க எடுத்தாலும் ஒரு கேம்தான். தோற்ற கேமில் நீங்கள் எடுத்த புள்ளி எல்லாம் கழுவி ஊற்றினது போல் போய்விடும்.

அந்த பில் புத்தகத்திலேயே ஒரு கற்பனை செட்டை எழுதிக் காட்டினேன். உங்கள் சர்வீஸ் பிரமாதம் என்று வையுங்கள். நீங்கள் எடுத்த நான்கு கேமையும் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடத் தராமல் எடுத்தீர்கள். அதில் உங்களுக்கு 16 புள்ளி, அவருக்கு 0. மற்ற ஆறு கேமை அவர் எடுத்தார், ஆனால் ஒவ்வொன்றிலும் நீங்கள் 30 வரை வந்துவிட்டுத் தோற்றீர்கள். ஒரு கேமுக்கு அவருக்கு 4, உங்களுக்கு 2 என்று ஆறு கேமில் அவருக்கு 24, உங்களுக்கு 12. கூட்டுங்கள்: உங்களுக்கு 28, அவருக்கு 24. செட் அவருக்கு, 6-4.

தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எலக்ஷன் மாதிரில்லண்ணே இருக்கு" என்றார்.

நான் யோசித்து வைத்திருந்த உதாரணங்களைவிட அது மேல். புதுச்சேரி சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் தொகுதி 30. தொகுதி ஒவ்வொன்றும் கையளவு. ஓட்டு எண்ணும் நாளில் நூறு, இருநூறு ஓட்டு வித்தியாசம் என்றால் தெருவே டீக்கடையில் கூடிவிடும். ஒரு கட்சி பத்துத் தொகுதியில் ஆயிரக்கணக்கான ஓட்டில் ஜெயித்து, இருபது தொகுதியில் ஐம்பது ஓட்டில் தோற்றால் மொத்த ஓட்டு அவர்களுக்குத்தான் அதிகம். ஆட்சி மட்டும் அடுத்தவர்களுக்கு. ஆயிரம் ஓட்டில் ஜெயித்தவருக்கு இரண்டு நாற்காலி போடுவதில்லையே.

டென்னிஸில் இது இரண்டு தட்டில் நடக்கிறது. புள்ளி கேமுக்குள் கரைகிறது, கேம் செட்டுக்குள் கரைகிறது. 1-6 என்று கேவலமாகத் தோற்ற செட்டும் 6-7 என்று நூலிழையில் தோற்ற செட்டும் மேட்ச் கணக்கில் ஒன்றுதான்.

கிளப் ஆட்டத்தில் இது நடந்தால் டீக்கடையில் பேசிவிட்டுப் போய்விடலாம். விம்பிள்டன் இறுதியிலேயே நடந்திருக்கிறது.

2019 ஜூலை 14, ஞாயிறு. புதுச்சேரிக்கு அது பாஸ்டில் தினம், பிரான்ஸின் தேசிய நாள். சொல்தா தாத்தா காலையில் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குப் போய்வந்து, சாயங்காலம் அதே கோட்டோடு கிளப் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு லண்டன் நகரத்தில் இரண்டு இறுதி ஆட்டம். லார்ட்ஸில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் உலகக் கோப்பைக்கு. விம்பிள்டனில் ஃபெடரரும் ஜோகோவிச்சும். ஷெட்டில் டிவி ஒன்று, ரிமோட் ஒன்று. அந்த ரிமோட்டுக்காக நடந்த சண்டையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

ஃபெடரருக்கு அப்போது வயது 37, ஒரு மாதத்தில் 38. ஆட்டம் 4 மணி 57 நிமிடம் ஓடியது. இந்தியக் கணக்கில் ராத்திரி பதினொன்றரையைத் தாண்டித்தான் முடிந்தது. முடிவு: ஜோகோவிச்சுக்கு 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. (அந்த வருஷம் விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு மட்டும் 6-6இல் இல்லை, 12-12இல்தான் டைபிரேக்.) இப்போது தம்பியின் பில் புத்தகத்தை இங்கே திறப்போம். ஃபெடரர் எடுத்த புள்ளி 218, ஜோகோவிச் 204. பதினான்கு அதிகம். கேம்களை எண்ணினால் ஃபெடரர் 36, ஜோகோவிச் 32. எதிராளியின் சர்வீஸை ஃபெடரர் 7 முறை பறித்தார், ஜோகோவிச் 3 முறைதான். எந்தப் பத்தியைப் பார்த்தாலும் ஃபெடரர் முன்னே. கோப்பை மட்டும் இல்லை.

எங்கே போனது? மூன்று டைபிரேக்கில். 7-5, 7-4, 7-3 என்று மூன்றையும் ஜோகோவிச் எடுத்தார். அந்த மூன்று குட்டிப் போட்டியில் மட்டும் ஜோகோவிச் 21 புள்ளி, ஃபெடரர் 12. மீதி ஆட்டம் முழுவதையும் கூட்டினால் ஃபெடரர் 206, ஜோகோவிச் 183. செட் முடிவாகும் அந்தச் சில நிமிடங்களில் ஜோகோவிச் வேறு ஆளாக இருந்தார். ஃபெடரர் இரண்டாவது செட்டை 6-1 என்று அடித்து நொறுக்கினாரே, அங்கே கொட்டிக் கிடந்த புள்ளிகளில் ஒன்றைக்கூட எடுத்துவந்து இங்கே வைக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொல்தா தாத்தா கோபித்துக்கொள்வார். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வீஸ் ஃபெடரர் கையில். ஒரே ஒரு புள்ளி போதும், அதற்கு இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் அவர் வலைக்கு முன்னேறி வர, ஜோகோவிச் குறுக்கே ஃபோர்ஹேண்ட் அடித்துத் தாண்டவிட்டார். தாத்தா கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு யாரும் ரிமோட்டைத் தொடவில்லை.

அதே ராத்திரி கிரிக்கெட்டிலும் வேடிக்கை. இரண்டு அணியும் 241, சூப்பர் ஓவரிலும் இரண்டு அணியும் 15. கடைசியில் பவுண்டரி எண்ணிக்கை 26-17 என்று பார்த்து இங்கிலாந்துக்குக் கோப்பை கொடுத்தார்கள். உலகமே திட்டியது, அந்த அக்டோபரிலேயே ஐசிசி அந்த விதியைத் தூக்கிவிட்டது. ஃபெடரர் விஷயத்தில் அப்படி யாரும் விதியைக் குறை சொல்லவில்லை. 1877இல் முதல் விம்பிள்டன் நடந்தபோதே இந்த டப்பா முறைதான். ஆடுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துதான் இறங்குகிறார்கள்.

இதைவிட நீளமான உதாரணமும் உண்டு. 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் மூன்று நாள் ஆடினார்கள், மொத்தம் 11 மணி 5 நிமிடம். கடைசி செட் 70-68. தோற்ற மஹூ எடுத்த புள்ளி 502, ஜெயித்த இஸ்னர் 478. அப்போது விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு டைபிரேக் கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் 2019இல் 12-12க்கு டைபிரேக் கொண்டுவந்தார்கள். 2022இலிருந்து கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டியிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக். நேரத்தை மிச்சப்படுத்தியதைத் தவிர, டப்பா கணக்கு மாறவில்லை.

இனி, எல்லாப் புள்ளிக்கும் ஒரே விலை இல்லை என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பயப்பட வேண்டாம், நாணயம் சுண்டத் தெரிந்தால் போதும். இரண்டு பேரும் சமபலம், ஒவ்வொரு புள்ளியும் பூவா தலையா என்று வையுங்கள். நீங்கள் 40-0 என்று முன்னே இருக்கிறீர்கள். இந்தப் புள்ளியை எடுத்தால் கேம் கையில், அதாவது 100 சதவீதம். விட்டால் 40-15, அப்போதும் நீங்கள் கேமை எடுக்கும் வாய்ப்பு 87.5 சதவீதம். ஆக இந்தப் புள்ளி எந்தப் பக்கம் விழுந்தாலும் வித்தியாசம் வெறும் 12.5. இப்போது நீங்கள் சர்வீஸ் போட்டு 30-40 என்று பின்னே இருக்கிறீர்கள். எடுத்தால் டியூஸ், 50 சதவீதம். விட்டால் கேமே போச்சு, பூஜ்யம். வித்தியாசம் 50. இரண்டுமே பில் புத்தகத்தில் ஒரு கோடுதான், ஆனால் இரண்டாவது கோட்டின் கனம் முதல் கோட்டைப்போல நான்கு மடங்கு.

டிவியில் வர்ணனையாளர் பிரேக் பாயிண்ட் (இந்த 30-40 போல, பிரேக்குக்கு ஒரே புள்ளி பாக்கி) என்றதும் குரலைத் தாழ்த்துவது இதற்காகத்தான். 40-0இல் பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் ஏனோதானோ என்று ஒரு பந்தை விட்டுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். சோம்பேறித்தனம் இல்லை அது, மூச்சைச் சேமிக்கிறார்கள். புதிதாய்ப் பார்க்கிறவர்களுக்கு என் யோசனை: 30-30 வந்ததும் கையில் இருக்கும் காபியைக் கீழே வையுங்கள். அங்கிருந்துதான் கேம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை.

அப்படியானால் டென்னிஸ் நியாயமில்லாத ஆட்டமா? எனக்கு முதலில் அப்படித்தான் பட்டது. கணக்கு நேர் எதிராகச் சொல்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் உங்களுக்கு 55 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்கு ஐந்துதான் கூடுதல், பார்வைக்கு ஒன்றுமே இல்லை. கேமை எடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 62 ஆகிறது, செட்டை எடுக்க 81. மூன்று செட் மேட்சை ஜெயிக்க 91, ஐந்து செட் என்றால் 95. துளி அளவு திறமை வித்தியாசத்தை இந்த டப்பா முறை அடுக்கடுக்காகப் பெருக்கிவிடுகிறது. அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் வருஷம் முழுக்க ஜெயிக்கிறார்கள். அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்பது அபூர்வம், ஆட்டம் மிக நெருக்கமாக இருந்தால்தான் நடக்கும்.

ஃபெடரரே இதைச் சொல்லியிருக்கிறார். 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது தன் வாழ்நாள் கணக்கை எடுத்துவைத்தார். ஆடிய ஒற்றையர் ஆட்டம் 1,526. கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி. ஆனால் எடுத்த புள்ளிகள் வெறும் 54 சதவீதம். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர், ஏறக்குறைய இரண்டில் ஒரு புள்ளியை விட்டிருக்கிறார். இதை முதலில் கேட்டபோது வங்கி சார் நம்பவில்லை. செல்போனில் தானே கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "நாம 48 சதவீதமாவது இருப்போம்ல?" என்று கேட்டார். தெரியாது சார், தம்பியைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

கேட்டோம். இருந்தது. கடந்த இரண்டு மாதப் பில் புத்தகத்தை அவர் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். எங்கள் ஜோடி எடுத்தது 49 சதவீதம். ஆனால் பத்து செட்டில் மூன்றுதான் ஜெயித்திருக்கிறோம். எங்கே கசிகிறது என்று தேடினால், 30-30இலும் டியூஸிலும் என் இரண்டாவது சர்வீஸ் (முதல் பந்து தவறினால் கிடைக்கும் மறுவாய்ப்பு, அதுவும் தவறினால் புள்ளி எதிராளிக்கு) வலைக்குள்தான் போயிருக்கிறது. முதல் சர்வீஸைத் தெருவுக்குக் கேட்கும்படி அடிப்பேன், அது உள்ளே விழாது. இரண்டாவதை, கைக்குழந்தையை இறக்கிவிடுவதுபோல் போடுவேன், அதுவும் சில நேரம் விழாது. கடற்காற்று மேல் பழியைப் போடலாம். ஆனால் அந்தக் காற்று 40-0இல் மட்டும் வீசாமல் இருக்காதே.

கிளப் ஆட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. காத்திருக்கும் கூட்டத்துக்காக நாங்கள் டியூஸை இழுப்பதில்லை. 40-40 வந்தால் ஒரே புள்ளி, எடுத்தவருக்குக் கேம். சர்வீஸை எந்தப் பக்கம் வாங்குவது என்று எதிர் ஜோடி முடிவு செய்யும். ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) இரட்டையர் போட்டிகளிலும் வழக்கமாக இப்படித்தான். அங்கே மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக் ஒன்றும் உண்டு. இதனால் அந்த ஒரு புள்ளியின் விலை இன்னும் ஏறிவிடுகிறது. சொல்தா தாத்தாவுக்கு இது பிடிக்காது. "எகாலித்தேன்னா எகாலித்தேதான், அதுல என்ன அவசரம்?" என்பார். ஆனால் தன் முறை தள்ளிப்போனால் அவரே வாட்சைத் தட்டிக் காட்டுவார்.

தம்பி இப்போது எல்லாப் புள்ளிக்கும் கோடு போடுவதில்லை. 30-30, 30-40, 40-40 இவற்றுக்கு மட்டும் வட்டம் போடுகிறார். எடுத்தால் வட்டத்துக்குள் டிக், விட்டால் வெறும் வட்டம். போன ஞாயிற்றுக்கிழமை 4-5, 30-40, சர்வீஸ் என்னுடையது. முதல் பந்து வழக்கம்போல் பின்வேலியில் போய் முட்டியது. இரண்டாவதற்கு முன் பந்தை நான்கு முறை தரையில் தட்டினேன். பெஞ்சில் தம்பி பேனா மூடியைக் கழற்றுவது தெரிந்தது. பந்து வலையின் மேல் நாடாவில் பட்டு, ஒரு கணம் நின்று யோசித்து, எங்கள் பக்கமே விழுந்தது.

"அண்ணே," என்றார் தம்பி, எழுதிக்கொண்டே. "இதுக்கு ரெண்டு வட்டம் போட்டுக்கறேன்."